அடுத்த வருடமும் அதே சுவர்

தூத்துக்குடி மாவட்டத்து ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் 2004–05இல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தபோது, தி. சத்தியமூர்த்தி தலைமையிலான குழுவுக்கு நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட முதுமக்கள் தாழிகள் கிடைத்தன. தாழிகளோடு உடைந்த பானை ஓடு ஒன்றும் கிடைத்தது. அதில் ஒரு படம் இருக்கிறது. கைகளை விரித்து நிற்கும் ஒல்லியான, உயரமான ஒரு பெண். பக்கத்தில் நெற்பயிர். ஒரு கொக்கு, ஒரு மான், ஒரு முதலை. எல்லாம் ஈரப் பானையின் மேல் மண்ணை இழை இழையாகத் திரித்து, விரலால் அழுத்தி ஒட்டிப் பிறகு சுட்ட வேலை. அந்த அகழாய்வில் எடுத்த மாதிரிகளுக்குப் பின்னாளில் கி.மு. 905, கி.மு. 696 என்று காலக்கணிப்பு வந்தது.

இந்த ஓடு இன்றைய ஓவியப் போட்டிக்கு வந்திருந்தால் நடுவர் மதிப்பெண்ணைக் குறைத்திருப்பார். பெண்ணுக்கும் மானுக்கும் அளவு பொருந்தவில்லை, பின்னணி இல்லை, கொடுத்த தலைப்பும் இல்லை. ஆனால் கொக்கைக் கொக்கு என்றும் முதலையை முதலை என்றும் யாரும் சொல்லித்தராமலே நமக்குத் தெரிகிறது. ஆற்றங்கரையில் நின்று பார்த்த கண் ஒன்று அதற்குப் பின்னால் இருக்கிறது.

அதே தாமிரபரணிப் பக்கம் இன்றும் வரைகிறவர்கள் இருக்கிறார்கள். துறைமுகத்தில் கணக்கு எழுதிவிட்டு வந்து இரவில் வரைகிறவர், பள்ளியில் கணிதம் நடத்திக்கொண்டே நோட்டின் கடைசிப் பக்கத்தை நிரப்புகிறவர், பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்ட பிறகு கேம்லின் பெட்டியைத் திறக்கிற அம்மா. வரைந்ததை இவர்கள் எங்கே மாட்டுகிறார்கள்? யார் வந்து பார்க்கிறார்கள்? பார்ப்பதால் வரைகிறவருக்கு என்ன ஆகிறது? பொழுதுபோக்கு ஓவியருக்கும் உள்ளூர்க் கண்காட்சிக்கும் உள்ள உறவைப் பற்றிய கேள்வி இது. பதில் தேட ஆதிச்சநல்லூரிலிருந்து கோவில்பட்டிக்கும் குலசைக்கும் போக வேண்டும். பாரிஸ், யாழ்ப்பாணம் வரைக்கும்கூட எட்டிப் பார்க்க வேண்டும்.

நாடகத்துக்கு ஒரு நியாயம், ஓவியத்துக்கு ஒரு நியாயம்

‘அமெச்சூர்’ என்ற சொல் தமிழர்களுக்குப் புதிதல்ல. அது முதலில் நாடகத்தோடு வந்து சேர்ந்தது. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபாவைத் தொடங்கினார். வக்கீல்களும் அரசாங்க உத்தியோகஸ்தர்களும் சம்பளம் வாங்காமல் மேடை ஏறினார்கள். கூத்தாடி என்று ஏளனம் செய்யப்பட்ட கலைக்குக் கௌரவத்தைத் தேடித் தந்தவர்கள் அந்த அமெச்சூர்கள். பிற்பாடு நீதிபதியான சம்பந்த முதலியாரே வேடம் கட்டினார் என்பது அந்தக் காலத்தில் சின்ன விஷயமா என்ன?

இலக்கியத்தில் இந்தச் சொல்லுக்கு வேலையே இல்லை. கி. ராஜநாராயணன் விவசாயி, பூமணி கூட்டுறவுத் துறை அதிகாரி, வண்ணதாசன் வங்கி ஊழியர். இவர்களை ‘அமெச்சூர் எழுத்தாளர்’ என்று யாராவது சொன்னால் ஊரே சிரிக்கும். ஆனால் அதே வங்கியில், அடுத்த மேஜையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் ஓவியம் வரைந்தால், “சாருக்கு அது ஒரு ஹாபி” என்று முடித்துவிடுகிறோம்.

இந்த வித்தியாசத்தைத் திறமையைக் கொண்டு விளக்க முடியாது. எழுதுகிறவருக்குச் சிறுபத்திரிகை இருந்தது. கதை வந்தது, கடிதம் வந்தது, திட்டும் வந்தது. அடுத்த இதழுக்கு இன்னொரு கதை போனது. நாடகக்காரருக்கு சபா இருந்தது, பாடுகிறவருக்கு மார்கழி இருந்தது. வரைகிறவருக்கு மட்டும் திரும்பத் திரும்ப வருகிற இடம் என்று ஒன்று அமையவில்லை. தாள் இருந்தால் கை பழகிவிடும். கண் பழக ஓர் ஊர் வேண்டும்.

சென்னையில் தொடங்கிய கதை

சென்னையில் ஓவியக் கல்வியைத் தொடங்கிவைத்தவரே தொழில்முறை ஓவியர் அல்லர். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. 1855இல் சென்னையில் பெரிய பொருட்காட்சி ஒன்று நடந்தது. கச்சாப் பொருள், கைவினை, இயந்திரம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். அந்த நூற்றாண்டின் நுண்கலைக் கண்காட்சிகளில் வெள்ளை அதிகாரிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும் ஓய்வு நேரத்தில் தீட்டிய நீர்வண்ணப் படங்கள் நிறைய இடம்பிடித்தன. நம் நாட்டில் ஓவியக் கண்காட்சி என்ற வழக்கமே பெரும்பாலும் பொழுதுபோக்கு ஓவியர்களால் வேரூன்றியதுதான்.

அந்தச் சுவரில் 1873இல் ஒரு படம் வந்து மாட்டிக்கொண்டது. கிளிமானூர் அரண்மனையைச் சேர்ந்த இருபத்தைந்து வயது ரவிவர்மா தீட்டிய, மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண். அதற்குக் கவர்னரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. ரவிவர்மா எந்தக் கலைப் பள்ளியிலும் படித்தவரல்லர். திருவிதாங்கூர் அரண்மனையில் எண்ணெய் வண்ணம் தெரிந்திருந்த ராமசாமி நாயக்கர் அவருக்குக் கற்றுத்தர மறுத்தார் என்றும், ஐரோப்பிய ஓவியர் ஒருவர் வரைவதைத் தள்ளி நின்று பார்த்தே அவர் கற்றார் என்றும் வரலாறு சொல்கிறது. கற்பிக்காமல் மறைத்து வைத்த காலத்தில், யார் வேண்டுமானாலும் படம் அனுப்பலாம் என்று ஒரு கண்காட்சி திறந்து கிடந்தது. குரு சாத்திய கதவைச் சுவர் திறந்துவிட்டது. பதக்கம் வாங்கியதோடு அவர் நிற்கவில்லை; அடுத்த வருடமே அதே சென்னைக்கு இன்னொரு படத்தோடு வந்தார். எல்லோரும் பதக்கத்தைப் பேசுகிறார்கள். மறு வருடம் திரும்பி வந்ததை யாரும் பேசுவதில்லை.

கோவில்பட்டியின் திரைச்சீலை

இப்போது தூத்துக்குடி மாவட்டத்துக்கே திரும்பலாம். சென்னையில் கலை பயின்ற சி. கொண்டையராஜு (1898–1976) நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை தீட்டுகிறவராக ஊர் ஊராகத் திரிந்து, கடைசியில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். திருமணம் செய்துகொள்ளாத அவரைச் சுற்றி டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், மு. ராமலிங்கம் என்று ஒரு சீடர் கூட்டம் சேர்ந்தது. தேவி ஆர்ட் ஸ்டூடியோவில் புகைப்படத்துக்கு வண்ணம் தீட்டினார்கள்; சிவகாசி அச்சகங்களுக்குச் சாமி படம் வரைந்தார்கள். தமிழ்நாட்டுப் பூஜை அறைகளிலும் மளிகைக் கடைகளிலும் தொங்கிய லட்சுமியும் முருகனும் மீனாட்சியும் பெரும்பாலும் இந்தக் கரிசல் ஊரில் பிறந்தவர்கள்.

இவர்கள் அமெச்சூர்கள் அல்லர், தொழில்காரர்கள். ஆனால் ஊரில் பொழுதுபோக்காக வரைகிறவனுக்கு இவர்கள்தான் பள்ளிக்கூடம். திரைச்சீலையை விரித்துப் போட்டுத் தெருவில் வண்ணம் தீட்டும்போது பையன்கள் வாய் பிளந்து நிற்பார்கள். அடுத்த தலைமுறையில் அந்த இடத்துக்கு சைன்போர்டு ஓவியர் வந்தார். சினிமா பேனர், கட்சிச் சுவர் விளம்பரம், படகின் மூக்கில் பெயரும் மீனும் எழுதுவது என்று அவர் கை ஓயாது. வண்ணத்தைக் குழைப்பதும் கட்டம் போட்டுப் படத்தைப் பெரிதாக்குவதும் தெருவில் நின்றே கற்கலாம். 2000க்குப் பிறகு பிளக்ஸ் வந்தது, தூரிகை போயிற்று. போனது ஒரு பிழைப்பு மட்டுமல்ல. வரைவதை ஊர் வேடிக்கை பார்த்த கடைசி இடமும் அதோடு போய்விட்டது. பொழுதுபோக்கு ஓவியர் இப்போது அறைக்குள் உட்கார்ந்து, கைப்பேசியில் பார்த்து, தனியாகக் கற்கிறார்.

போட்டி என்ற குறுக்குவழி

அந்தக் காலியிடத்தைப் போட்டிகள் நிரப்பின. பள்ளி ஆண்டு விழா, அரிமா சங்கம், வங்கி வார விழா, போக்குவரத்துக் காவல் என்று ஆளுக்கொரு போட்டி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படியேறி ‘கலையரசன்’, ‘கலையரசி’ பட்டம் வரை போகலாம். ஓவியம் என்றால் நேரத்தை வீணடிப்பது என்று நினைத்த வீடுகளில் அதற்கு ஒரு மரியாதை வந்திருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

ஆனால் போட்டியும் கண்காட்சியும் ஒன்றல்ல. போட்டியில் தலைப்பை வேறொருவர் தருகிறார்: நீர் சேமிப்பு, சாலைப் பாதுகாப்பு, தூய்மை. நேரம் ஒன்றோ இரண்டோ மணி. உலக உருண்டையை இரண்டு கைகள் ஏந்தியிருக்கும். பாதி பச்சை, பாதி வறட்சி. முடிவு சொன்னதும் படங்கள் கட்டாகிப் பீரோவுக்குள் போகும். சான்றிதழ் வீட்டுக்கு வரும், படம் வருவதில்லை. பத்தாம் வகுப்பு வந்ததும் தூரிகையைக் கீழே வைக்கச் சொல்வார்கள். முப்பத்தைந்து வயதில் மறுபடி எடுக்கிறவருக்குப் போட்டியும் கிடையாது, வகுப்பும் கிடையாது.

சொல்லித்தர வேண்டிய ஆசிரியரின் நிலையும் இதோடு சேர்ந்ததே. 2012இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை அரசு நியமித்தது. தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய், வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் வருடக்கணக்காகப் போராடுகிறார்கள். ஊரில் ஓவியத்தைப் பற்றிப் பேசத் தெரிந்த ஒரே ஆள் மீதி நேரத்துக்கு வேறு வேலை தேடி அலைந்தால், கண்காட்சிக்கு ஆணி அடிப்பது யார்?

ஒரு நாள் கூடம்

அப்படியும் கண்காட்சிகள் நடக்கத்தான் செய்கின்றன. கிட்டத்தில் போய்ப் பார்த்தால் குறை எங்கே என்று தெரியும். இடம் பெரும்பாலும் கல்யாண மண்டபம் அல்லது பள்ளிக் கூடம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது முதல் நிபந்தனை. ஆகவே சாமியானாத் துணிக்கு மேல் நைலான் கயிறு, கயிற்றில் கிளிப், கிளிப்பில் படம். மின்விசிறி போட்டால் படம் பட்டமாகும். நிறுத்தினால் பார்க்க வந்தவர் வியர்த்து வெளியேறுவார். சட்டம் போட்ட படங்கள் பெஞ்சில் சாய்ந்து நிற்கும். அந்தச் சட்டத்துக்கான செலவு படத்துக்கு வாங்கிய வண்ணத்தைவிட அதிகம். கண்ணாடியில் டியூப்லைட் பளிச்சிடும். காமராஜர் நெற்றியில் வெள்ளைக் கோடு விழும்.

காமராஜர் கட்டாயம் இருப்பார். அப்துல் கலாம், எட்டயபுரத்து பாரதி, ஒரு முருகன், மாட்டு வண்டி போகும் கிராமம், நம் ஊரில் இல்லாத பனிமலை. எல்லாம் புகைப்படம் பார்த்துப் பென்சிலால் நிழல் கட்டிய சுத்தமான வேலை. முடி முடியாக உழைத்திருப்பார்கள். உப்பளம் இருக்காது. அனல் மின்நிலையப் புகைபோக்கி, துறைமுகக் கிரேன், தேரிக்காட்டுச் செம்மணல், பனையேறி, தெரேசுபுரத்தில் கரையேறிய வல்லம் எதுவும் இருக்காது. கண் முன்னால் இருப்பதை வரையத் தைரியம் வேண்டும், ஏனென்றால் அதற்கு நகல் பார்க்கப் படம் கிடையாது.

குத்துவிளக்கு ஏற்றுவார்கள். சிறப்பு விருந்தினர் பதினைந்து நிமிடத்தில் நூறு படம் பார்ப்பார். பொன்னாடை போர்த்துவார்கள், பிறகு ஒருவருக்கொருவர் போர்த்திக்கொள்வார்கள். “அருமை”, “அசத்திட்டீங்க” என்று கருத்துப் பதிவேடு நிரம்பும். மாலையில் கயிறு இறங்கும். அடுத்தது எப்போது என்று யாரும் கேட்பதில்லை. ‘அருமை’யை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன கற்க முடியும்?

சந்தை என்று பெயர் வைத்தவர்கள்

மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள்? பாரிசில் 1884இல் ‘சுயேச்சை ஓவியர்கள்’ அமைப்பு ஒன்று தொடங்கியது. நடுவரும் இல்லை, பரிசும் இல்லை என்பது அதன் கொள்கை. நகரச் சுங்கச்சாவடி ஊழியரான ஆன்ரி ரூசோ 1886இல் அங்கே படம் மாட்டினார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். பத்திரிகைகள் கேலி செய்தன. ஆனால் 1910இல் சாகும்வரை ஏறத்தாழ ஒவ்வொரு வருடமும் அவர் அதே கண்காட்சிக்குத் திரும்பி வந்தார். 1908இல் பிக்காசோ தன் ஓவியக் கூடத்தில் அவருக்கு விருந்து வைத்தார். நடுவர் இருந்திருந்தால் ரூசோ முதல் வருடமே வீட்டுக்குப் போயிருப்பார்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ரவீந்திரநாத் தாகூர் எழுபதை நெருங்கும் வயதில்தான் முதல் ஓவியக் கண்காட்சி வைத்தார், 1930இல் பாரிசில். அதற்கு அவர் பெயர் போதும். பெயரில்லாதவருக்கு முதல் கண்காட்சி போதாது, பத்தாவதும் வேண்டும்.

பெங்களூரில் சித்ரகலா பரிஷத் 2003 முதல் வருடந்தோறும் சித்ர சந்தெ நடத்துகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குமாரகிருபா சாலையில் நடைபாதை முழுக்க ஓவியங்கள். கொழும்பில் 1993இல் தொடங்கிய ‘கலா பொல’ ஆனந்த குமாரசுவாமி மாவத்தையின் மர நிழலில் நடக்கிறது. சந்தெ என்றாலும் பொல என்றாலும் சந்தை. இரண்டு ஊரிலும் மாளிகையைத் தேடாமல் சந்தையைத் தேடினார்கள் என்பது கவனிக்க வேண்டியது. சந்தைக்குள் நுழைய யாருக்கும் கூச்சம் வராது. விலை கேட்கலாம், வாங்காமல் போகலாம், குறை சொல்லலாம். அடுத்த வருடம் அதே இடத்தில் அதே ஆளைத் தேடிப் போகலாம்.

யாழ்ப்பாணம் இன்னும் நமக்கு நெருக்கம். எஸ்.ஆர். கனகசபை முன்னின்று 1938இல் தொடங்கிய வின்சர் ஓவியக் கழகம் பெரும்பாலும் பள்ளி ஓவிய ஆசிரியர்களின் கூட்டு. பின்னாளில் அ. மாற்கு விடுமுறைக்கால ஓவியர் கழகத்தை நடத்தினார். விடுமுறைக்காலம் என்று பெயரிலேயே ஒப்புக்கொண்டார்கள்: எங்களுக்கு வேறு வேலை உண்டு, விடுமுறை வரும்போது கூடுவோம். அந்தப் பெயரில் தாழ்வு மனப்பான்மை இல்லை, கால அட்டவணை இருக்கிறது.

குலசை சொல்லித்தரும் பாடம்

சந்தையைத் தேடி வெளியூர் போகவே வேண்டாம். ஆதிச்சநல்லூரிலிருந்து தென்கிழக்கே கடற்கரைக்குப் போனால் குலசை என்கிற குலசேகரன்பட்டினம். முத்தாரம்மன் கோவில் தசராவுக்கு விரதம் இருந்து வேடம் கட்டுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். கொத்தனார், கடலுக்குப் போகிறவர், கல்லூரி மாணவர், கடைக்காரர். காளி வேடக்காரருக்குக் கிரீடம், சடை, கூடுதல் கைகள், தொங்கும் நாக்கு என்று பாரமும் அதிகம், கட்டுப்பாடும் அதிகம். ஊருக்கு ஊர் தசராக் குழு. தெருத்தெருவாக ஆடிக் காணிக்கை வாங்கி, கடைசியில் கோவிலுக்கு வருவார்கள்.

கலைக்கண்ணோடு பார்த்தால் தூத்துக்குடி மாவட்டத்தின் மிகப் பெரிய அமெச்சூர் கண்காட்சி இதுதான். வேடம் கட்ட யாரும் தேர்வு வைப்பதில்லை. ஆனால் தரம் இல்லாமலும் இல்லை. போன வருடக் கிரீடம் சாய்ந்ததைத் தெருவே பார்த்திருக்கிறது. இந்த வருடம் அது சாயாது. “போன தடவ கொரங்கு வேசம் போட்டாம்லா, அவந்தான் இப்பம் காளி” என்று ஊர் ஒருவரின் வளர்ச்சியை நினைவில் வைத்திருக்கிறது. வேண்டுதல் என்பதால் அடுத்த வருடமும் வருவார்கள். பக்தி இங்கே கால அட்டவணையின் வேலையையும் செய்துவிடுகிறது.

மார்கழிக் கோலமும் இப்படித்தான். முப்பது நாள், அதே வாசல், அதே தெரு. முதல் வாரத்துக் கோணல் கடைசி வாரத்தில் நேராகிவிடும். எதிர்வீட்டு அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதே பாதிப் பயிற்சி.

ஆணி அடிக்க ஒரு சுவர்

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால், நடுவர் வேண்டுமா வேண்டாமா, பரிசு பணமா கேடயமா என்ற வழக்கமான விவாதங்கள் இரண்டாம்பட்சம். உள்ளூர் ஓவியருக்கு இல்லாமல் போனது ஒன்றுதான்: தேதி மாறாத கண்காட்சி. பெரிய செலவு தேவையில்லை. ஆளுக்கு இரண்டு படம், குறிப்பிட்ட அளவுக்குள். அதில் ஒன்று இந்த மாவட்டத்தில் நேரில் பார்த்து வரைந்ததாக இருக்க வேண்டும். ஆணி அடிக்கலாம் என்று சொல்லும் ஒரு சுவர். படத்துக்குக் கீழே பெயர், ஊர், விலை. விலை எழுதுவதற்குக் கூச்சப்படக் கூடாது. விலை எழுதினால்தான் பார்க்கிறவர் இரண்டாம் முறை பார்ப்பார். குத்துவிளக்கு நேரத்தில் பாதியைக் கழித்து, ஒரு பிற்பகல் படங்களின் முன்னால் நின்று பேசுவது. முக்கியமாக, மூடும்போதே அடுத்த வருடத் தேதியைப் பலகையில் எழுதிவைப்பது. மாவட்டந்தோறும் இப்போது புத்தகத் திருவிழா நடக்கிறது. கூட்டம் தானாகவே வருகிற அந்த மைதானத்தில் ஒரு வரிசைத் தட்டியை ஓவியத்துக்கு நிரந்தரமாக ஒதுக்கினால் பாதி வேலை முடிந்தது.

கூட்டம் வராது, வந்தாலும் சொந்தக்காரர்கள்தான் வருவார்கள் என்று ஒரு மறுப்பு எழும். வரட்டும். நகரத்துக் கலைக்கூடத்தில் கிடைக்காத ஒன்று அவர்களிடம் இருக்கிறது. உப்பளத்தை வரைந்து சென்னையில் மாட்டினால் வண்ணச் சேர்க்கையைப் பாராட்டுவார்கள். அதே படத்தின் முன்னால் முள்ளக்காட்டுப் பக்கத்து உப்பளத்தில் வேலை செய்யும் அம்மா ஒருவர் நின்றால், “பாத்தி வரப்பு இப்பிடி இருக்காதுல்லா, உப்பு வாரும்போ கால இப்பிடி ஊன மாட்டோம்” என்பார். அவர் ஓவிய விமர்சகர் அல்லர். ஆனால் அந்த ஒரு வாக்கியம் பதிவேடு நிறைய எழுதிய ‘அருமை’களைவிடக் கனமானது. அந்தக் கால் சரியாக ஊன்றி நிற்கும் படத்தை மாட்ட ஓவியருக்கு அடுத்த வருடம் வேண்டும். பார்த்துச் சொல்ல அந்த அம்மாவுக்கும் அடுத்த வருடம் வேண்டும்.

ஆதிச்சநல்லூரில் 2023 ஆகஸ்டில் அருங்காட்சியகம் திறந்தார்கள். தோண்டிய குழிகளின் மேல் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். காலுக்குக் கீழே தாழிகள் தெரிகின்றன. 1876இல் ஜெர்மனியிலிருந்து வந்த யாகர் பொருள்களைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார்; நூற்றாண்டுத் திருப்பத்தில் அலெக்சாண்டர் ரீ எடுத்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. இந்த ஊரில் செய்ததை இந்த ஊரிலேயே பார்க்க இவ்வளவு காலம் ஆனது.

அந்தப் பானை ஓட்டுக்கு மறுபடியும் வரலாம். கொக்கு ஏன் பார்த்த உடனே கொக்காகத் தெரிகிறது? வயலில் தினமும் கொக்கைப் பார்க்கிற ஊரில், கொக்கைத் தப்பாகச் செய்துவிட்டுத் தப்பிக்க முடியாது.